தாயில்பட்டி கேமராவுக்கு அமெரிக்காவில் என்ன வேலை?

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும் இரண்டு விஷயம் தப்பாமல் கண்ணில் படும். ஒன்று, பட்டாசுக் கடையின் விளம்பரப் பலகை. இன்னொன்று, அதற்கு மேலே தலையைத் திருப்பி நிற்கும் சிசிடிவி கேமரா. தாயில்பட்டியும் இதற்கு விலக்கு இல்லை. பயர் ஆபீஸ் கேட், குடோன், கல்லா, வீட்டு வாசல் என்று எல்லா இடத்துக்கும் கேமரா வந்துவிட்டது. சிவகாசியிலோ சென்னையிலோ இருந்துகொண்டே, சரக்கு லாரி வந்ததா என்று மொபைலில் பார்த்துவிடலாம். நல்ல வசதிதான்.

அந்தக் கேமராவை மாட்டிக்கொடுக்கிற பையன் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணாச்சி, யூசர்நேம் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின்தான். மறக்காதுல்ல?" அண்ணாச்சி மறக்கமாட்டார். சிக்கல் என்னவென்றால், அந்தப் பாஸ்வேர்டு உலகத்தில் வேறு யாருக்கும்கூட மறக்காது.

கேமரா, வைஃபை ரவுட்டர், கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி, டிவியில் செருகும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் எல்லாமே அடிப்படையில் சின்னக் கம்ப்யூட்டர்கள். பலவற்றில் ஓடுவது லினக்ஸ். நெட் இணைப்பு இருக்கிறது, 24 மணி நேரமும் ஆனில் இருக்கிறது, ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க யாரும் இல்லை. ஆன்டிவைரஸ் கிடையாது. அப்டேட் போடலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கருவிகளை ஒன்று, பத்து, லட்சம் என்று ரகசியமாகப் பிடித்து, ஒரே ஆள் தூரத்தில் உட்கார்ந்து ஏவல் கொடுக்கும்படி கட்டிவைப்பதற்குப் பெயர்தான் பாட்நெட்.

சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது. கேமராவில் படம் வரும், நெட்டும் ஓடும். ராத்திரியில் கொஞ்சம் ஸ்லோவாக இருக்கலாம், அம்புட்டுதான். அதே நேரத்தில் அந்தக் கேமரா எங்கோ ஒரு வெப்சைட்டின் கதவை லட்சக்கணக்கான கேமராக்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருக்கும். உண்மையான வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத அளவுக்குக் கூட்டம் சேர்ப்பதுதான் நோக்கம். 'டிடாஸ்' தாக்குதல் என்று சொல்வது இதைத்தான்.

அட்மின், 12345, ரூட்

இந்த வியாபாரத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது 2016-இல் வந்த 'மிராய்'. ஜப்பானிய மொழியில் 'எதிர்காலம்' என்று பொருள். எழுதியவர்கள் பாரஸ் ஜா, ஜோசையா வைட், டால்டன் நார்மன் என்ற மூன்று அமெரிக்க இளைஞர்கள். இருபதை ஒட்டிய வயது. மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை நடத்துகிறவர்களுக்கு இடையேயான தொழில் போட்டியில் இறங்கி, எதிராளியின் சர்வரைப் படுக்கவைக்கத்தான் இதைக் கட்டினார்கள். பாரஸ் ஜா, தாக்குதலில் இருந்து காப்பாற்றுகிற கம்பெனி ஒன்றையும் பக்கத்திலேயே நடத்தினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மிராய் பரவிய விதத்தில் மேதைத்தனம் எதுவும் இல்லை. அதனால்தான் அது இன்றும் பயமுறுத்துகிறது.

பாதிக்கப்பட்ட ஒரு கேமரா முதலில் செய்யும் வேலை, இணையத்தில் கண்ணுக்குப்பட்ட முகவரியை எல்லாம் தட்டிப் பார்ப்பது. பழைய பாணி இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. கேட்கப் பெரிய எண்ணாக இருந்தாலும், ஆயிரக்கணக்கான கருவிகள் பங்குபோட்டுத் தட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். அந்த முகவரிகளில் 23 அல்லது 2323 என்ற எண் கொண்ட கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும். 'டெல்நெட்' என்ற பழைய காலத்து வழி அது. தொழிற்சாலையில் கருவியைச் சோதிக்க வைத்த கதவைப் பல கம்பெனிகள் மூடாமலேயே விற்றுவிட்டன.

கதவு திறந்திருந்தால், மிராய் தன் கையில் இருக்கும் 62 யூசர்நேம்–பாஸ்வேர்டு ஜோடிகளில் பத்தைக் குத்துமதிப்பாக எடுத்துப் போட்டுப் பார்க்கும். அட்மின்–அட்மின், ரூட்–12345, சப்போர்ட்–சப்போர்ட் என்று எல்லாம் கம்பெனிகள் பெட்டியிலேயே போட்டு அனுப்பியவை. ஒன்று பொருந்தினால், "இந்த முகவரி, இந்தச் சாவி" என்று தலைமை சர்வருக்குத் தகவல் போகும். அங்கிருந்து இன்னொரு புரோகிராம் வந்து, அந்தக் கருவியில் இருப்பது என்ன வகை சிப் என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் மால்வேரை இறக்கிவிடும். மால்வேர் ஓடத் தொடங்கியதும் தன் ஃபைலைத் தானே அழித்துவிடும். பிறகு மெமரியில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கும். அடுத்து, தான் நுழைந்த கதவை உள்ளே இருந்து சாத்திவிடும். ஏற்கனவே வேறு மால்வேர் உள்ளே குடியிருந்தால் அதையும் விரட்டிவிடும். பிறகு, இந்தக் கேமராவும் அடுத்த முகவரியைத் தட்டக் கிளம்பிவிடும்.

சரவெடி கட்டும் ஊரில் இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். சரத்தில் ஒரு வெடி அடுத்த ஒரு வெடியைத்தான் கொளுத்தும். இங்கே ஒவ்வொன்றும் கண்டதையெல்லாம் கொளுத்துகிறது. மிராய் கிளம்பிய முதல் 20 மணி நேரத்தில் சுமார் 65,000 கருவிகள் அதன் கையில் இருந்தன. உச்சத்தில் அது 6 லட்சத்தைத் தொட்டது என்று 2017-இல் வந்த விரிவான ஆய்வு சொல்கிறது.

2016 செப்டம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தை நொடிக்கு 620 ஜிகாபிட் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அடுத்து பிரான்சின் ஓவிஎச் நிறுவனம். போலீஸ் நெருங்குவது தெரிந்ததும், செப்டம்பர் 30-ஆம் தேதி மிராயின் மூலநிரல் முழுவதும் இணையத்தில் கொட்டப்பட்டது. எல்லார் கையிலும் இருந்தால், எழுதியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பது கணக்கு. சரியாக மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 21 அன்று, அந்தக் கோடை எடுத்துக்கொண்ட வேறு ஆட்கள் 'டைன்' என்ற நிறுவனத்தை அடித்தார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் அமெரிக்காவின் பெரும்பகுதியில் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

மூன்று இளைஞர்களும் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2018 செப்டம்பரில் தீர்ப்பு: ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேரச் சமூக சேவை, 1,27,000 டாலர் இழப்பீடு. விசாரணை அமைப்புகளுக்கு அவர்கள் உதவியதால் சிறை இல்லை. ஆனால் அவர்கள் கொட்டிய கோட் இன்றைக்கும் புதுப்புதுப் பெயரில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

பிஎஸ்என்எல் மோடம்கள் செத்த வாரம்

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கிறது, நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு 2017 ஜூலை கடைசி வாரம்தான் பதில். நாட்டின் பல பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று வேலை செய்வதை நிறுத்தின. விளக்கு எரியும், நெட் வராது. எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களும் மாட்டினார்கள். 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. பாஸ்வேர்டை 'அட்மின்' என்றே விட்டிருந்த மோடம்கள்தான் மாட்டின, எல்லோரும் உடனே மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் அறிவித்தது.

விசித்திரம் என்னவென்றால், இதைச் செய்ததாகச் சொன்ன ஆள் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'துப்புரவாளர்' என்று சொல்லிக்கொண்டார். 'பிரிக்கர்பாட்' என்ற மால்வேர் அவருடையது. பாஸ்வேர்டு மாற்றாத கருவிகளைத் தேடிப்பிடித்து, உள்ளே இருப்பதை அழித்துச் செங்கல்லாக்கிவிடும். "மிராய் மாதிரியான பாட்நெட்டுக்கு ஆள் சேரும் முன்னாடி நானே கொன்றுவிடுகிறேன்" என்பது அவர் வாதம். இணையத்துக்கு கீமோதெரபி செய்கிறேன் என்றுகூட எழுதினார். அந்த வருடம் டிசம்பரில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளை முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த எண் அவர் சொன்னதுதான்.

நியாயம் பேசுவதற்கு இது சுவாரஸ்யமான ஆள்தான். ஆனால் ஒரு மாத நெட் பில்லைக் கட்டிவிட்டு, மோடத்தைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கு அலைந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மோடத்தைக் கொடுத்தது ஒருவர், அதில் 'அட்மின்' என்று போட்டது இன்னொருவர், அதை உடைத்தது மூன்றாவது ஆள். அலைந்தது மட்டும் வாடிக்கையாளர். இந்தத் துறையின் முழு வரலாறும் இந்த ஒரு வரிசைக்குள் அடங்கிவிடும்.

பாஸ்வேர்டை மாத்திட்டா போதுமா?

பாதி போதும். மிராய் மெமரியில் மட்டும் இருப்பதால், கருவியை ஆஃப் செய்து ஆன் செய்தாலே போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால், சில நிமிடங்களிலேயே திரும்பவும் உள்ளே வந்துவிடும். தட்டுகிறவர்கள் ஓய்வதில்லை.

மீதிப் பாதிதான் கோபம் வரவைப்பது. 2016-இல் மாட்டிய கேமராக்களில் பெரும் எண்ணிக்கை, சீனாவின் சியோங்மாய் நிறுவனத்தின் பாகங்களால் செய்தவை. அவற்றில் சொந்தக்காரர் ஆப்பில் பாஸ்வேர்டை மாற்றினாலும், பின்னால் இருந்த டெல்நெட் கதவின் பாஸ்வேர்டு மாறாது. அதைச் சாஃப்ட்வேருக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டார்கள். மாற்றுவதற்கு ஒரு பட்டன்கூட இல்லை. டைன் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற சில மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதே பாகங்கள் வேறு வேறு பிராண்டு ஸ்டிக்கரோடு மற்ற நாடுகளிலும் விற்றிருந்தன. கடைக்காரருக்கே உள்ளே இருப்பது யாருடைய சரக்கு என்று தெரியாது.

அதற்குப் பிறகு பாட்நெட்டுகளும் வளர்ந்துவிட்டன. 2019-இல் கண்டறியப்பட்ட 'மோசி'க்குத் தலைமை சர்வரே தேவைப்படவில்லை. டோரண்ட் மாதிரி, பாதிக்கப்பட்ட கருவிகள் தங்களுக்குள்ளேயே ஏவலைப் பரிமாறிக்கொண்டன. வெட்டுவதற்குத் தலையே இல்லை. அதில் இந்தியாவிலும் சீனாவிலும் இருந்த கருவிகள் ஏராளம். 2023 ஆகஸ்ட் 8 அன்று இந்தியாவில் மோசியின் நடமாட்டம் சடாரென்று விழுந்தது. எட்டு நாள் கழித்துச் சீனாவிலும் அப்படியே. யாரோ உள்ளிருந்தே அணைத்திருக்கிறார்கள் என்று ஈசெட் நிறுவன ஆய்வாளர்கள் செப்டம்பரில் கண்டுபிடித்தார்கள். எழுதியவர்களா, சீனப் போலீஸா என்பது இன்னும் ஊகம்தான். யோசித்துப் பார்த்தால், இந்திய வீடுகளின் ரவுட்டர்கள் குணமானதுகூட இந்தியாவில் யாரும் எடுத்த முடிவால் அல்ல.

இப்போது அதிகம் மாட்டுவது மலிவான ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ். "எல்லா ஓடிடியும் ஃப்ரீ" என்று சொல்லி விற்கும் ரகம். இவற்றில் பலவற்றில் மால்வேர் வெளியிலிருந்து நுழைவதே இல்லை, பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருக்கிறது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற இந்த வலையைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. அடுத்த மாதமே, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் மாட்டியிருப்பதாகச் சொல்லி கூகுள் வழக்குப் போட்டது. 2025 கடைசியில் ஆய்வாளர்கள் விவரித்த 'கிம்வூல்ஃப்' பாட்நெட்டும் இதே டிவி பாக்ஸ்களைத்தான் பிடித்திருந்தது. எண்ணிக்கை சுமார் 18 லட்சம். அதிகம் மாட்டிய நாடுகளின் வரிசையில் இந்தியாவும் உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தியாவில் பல நெட் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அதனால் வெளியில் இருந்து நேராக வந்து வீட்டுக் கேமராவைத் தட்ட முடியாது. அது ஒரு தற்செயலான கவசம். ஆனால் ஒரு டிவி பாக்ஸ் உள்ளே வந்துவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்ற கருவிகளை உள்ளிருந்தே அது தட்டலாம். கவசம் அப்போது அர்த்தமில்லாமல் போய்விடுகிறது.

யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்

வெப்சைட்டைப் படுக்கவைப்பது இன்று பாட்நெட்டின் ஒரு வேலை மட்டுமே. பெரிய காசு வேறிடத்தில் இருக்கிறது. பிடித்துவைத்த வீட்டு நெட் இணைப்புகளை, முகமூடியாக வாடகைக்கு விடுகிறார்கள். மோசடிக்காரன் எங்கோ உட்கார்ந்து ஒருவருடைய பேங்க் அக்கவுண்ட்டில் நுழைவான். பேங்க் பதிவில் விழும் முகவரி, விருதுநகர் மாவட்டத்தில் ஏதோ ஒரு கடையின் பிராட்பேண்டாக இருக்கும்.

2024 மே மாதம் சிங்கப்பூரில் யுன்ஹே வாங் என்பவர் கைதானார். இலவச விபிஎன் ஆப்களைக் கொடுத்து, அதை இறக்கியவர்களின் கம்ப்யூட்டர்களை '911 எஸ்5' என்ற வலையில் சேர்த்து வாடகைக்கு விட்டதாக அவர் மீது அமெரிக்கா குற்றம்சாட்டியது. சுமார் 200 நாடுகளில் 1.9 கோடி இணைய முகவரிகள் அதில் இருந்தன. அந்த முகவரிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் சாதாரணக் குடும்பத்து ஆட்கள்.

விசாரணை என்று வந்தால், முதலில் போலீஸ் வந்து நிற்பது முகவரி யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான். "என் கேமரா செஞ்சிருக்கும் சார்" என்று சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை. ரவுட்டரை ரீசெட் செய்துவிட்டால் மெமரியில் இருந்த சாட்சியும் போய்விடும்.

சட்டம் வந்தது, பழைய கேமரா நிற்கிறது

இந்திய அரசு சும்மா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்நெட்டைத் துடைப்பதற்கென்றே சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையம் 2017 பிப்ரவரி 21 முதல் செர்ட்-இன் அமைப்பின் கீழ் இயங்குகிறது. பாதிக்கப்பட்ட முகவரிகளை நெட் கம்பெனிகளுக்குச் சொல்கிறது, இலவசமாகச் சுத்தம் செய்யும் டூல்களைத் தருகிறது. ஒரே பொதுவான பாஸ்வேர்டு கூடாது என்பதை முதல் விதியாகக் கொண்ட வழிகாட்டுதலைத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்டது. 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறாத சிசிடிவி கேமராவைத் தயாரிப்பாளர் இங்கே விற்க முடியாது. பிரிட்டன் 2024 ஏப்ரலில் பொதுப் பாஸ்வேர்டையே சட்டப்படி தடை செய்தது. இந்தியாவின் கேமரா விதி அதற்குக் குறைந்ததில்லை.

ஆனால் விதி புதுக் கேமராவுக்குத்தான். ஏற்கனவே சுவரில் இருப்பவை அப்படியேதான் இருக்கின்றன. ஒரு கேமரா ஏழெட்டு வருஷம் சர்வசாதாரணமாக ஓடும். மாட்டிக்கொடுக்கும் ஆளுக்குப் பயிற்சியோ, மாட்டும்போது பாஸ்வேர்டை மாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமோ இல்லை. கேந்திரா நெட் கம்பெனிக்குச் சொல்லும் தகவல், வாடிக்கையாளரிடம் வரும்போது ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸாகவோ மெயிலாகவோ சுருங்கிவிடுகிறது. அதை ஏதோ மோசடி மெசேஜ் என்று நினைத்து அழிப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

"மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்" என்று முடித்துவிடுவது சுலபம். பட்டாசுத் தொழில் பார்த்த ஊருக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியும். தொழிலாளியிடம் "பாத்து வேலை செய்யுங்க" என்று சொல்வதோடு யாரும் லைசென்ஸ் கொடுப்பதில்லை. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, ஒரு அறைக்குள் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி இருக்கிறது. ஒரு அறை போனாலும் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக. உள்குத்தகைக்கு விட்டு, நாலு பேர் அறையில் பத்துப் பேரை உட்காரவைக்கும்போதுதான் அந்த விதி உடைகிறது. உயிர்களும் போகின்றன. கேமராவில் உயிர் போவதில்லை, ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஆனால் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான். செய்தவர், விற்றவர், இணைப்புக் கொடுத்தவர் என்ற மூன்று பேரையும் தாண்டி, கடைசியில் நிற்கும் அண்ணாச்சியிடம் மட்டும் அதைக் கொடுப்பது சரியல்ல.

செய்ய வேண்டியது பெரிய செலவும் இல்லை. நெட் கம்பெனிகள் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரைத் தமிழில் போனில் கூப்பிட்டுச் சொல்லலாம். 23, 2323 போன்ற கதவுகளுக்கு வெளியிலிருந்து வரும் தட்டலைத் தங்கள் பக்கமே தடுத்துவிடலாம். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் ஃபைபரைக் கொண்டுபோகும் வேலையோடு, இணைப்புக் கொடுக்கும் ஆளின் வேலைப் பட்டியலில் "பாஸ்வேர்டை மாற்றிக்கொடுத்தேன்" என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்துவிடலாம்.

அதுவரை, கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். வரிசை முக்கியம். முதலில் ரவுட்டருக்கு வரும் நெட் வயரைப் பிடுங்க வேண்டும். பிறகு ரவுட்டரையும் டிவிஆரையும் ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். நெட் இல்லாத அந்த நேரத்திலேயே இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். வயரை மாட்டிய பிறகு மாற்றினால், யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது. ரவுட்டரில் 'யூபிஎன்பி', 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று இருப்பவற்றை அணைத்துவிட்டு, அப்டேட் இருந்தால் போட்டுவிடலாம். கேமராவையும் டிவி பாக்ஸையும் 'கெஸ்ட்' வைஃபையில் தனியாகப் போட்டுவிட்டால், பில் போடும் கம்ப்யூட்டர் அவற்றின் பக்கத்தில் இருக்காது. அப்டேட்டே வராத பழைய கேமராவாக இருந்தால், அதை நெட்டில் இருந்து கழற்றிவிட்டு டிவிஆரில் மட்டும் பதிவாகும்படி விடுவது நல்லது. மொபைலில் பார்க்க முடியாமல் போகும். தீபாவளி சீசனில் அது கொஞ்சம் சிரமம்தான்.